ஒரு பந்தயப் படகும் அதன் உடைமையாளர்களும்

'காட்டமரான்' என்று உலகெங்கும் வழங்கும் சொல், தமிழின் 'கட்டுமரம்' என்பதிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையின் மிதவைகளை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டார். இதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம், தவறில்லை. ஆனால், சொல்தான் நம்முடையது. இன்று அச்சொல் குறிக்கும் வடிவம் நம்முடையதன்று. நம் மீனவர்களின் கட்டுமரம் என்பது மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. ஒடுங்கிய இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துப் பாய்விரித்து ஓட்டும் கலையில் தேர்ந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினீசிய மக்கள். ஐரோப்பியர் வங்கக் கடலில் கேட்ட பெயரைப் பசிபிக்கில் கண்ட பொருளுக்குச் சூட்டிவிட்டனர்.

இரட்டை உடல் படகு பந்தயக் களத்துக்கு வந்த கதையும் சுவையானது. 1876-இல் நியூயார்க்கில் நடந்த பாய்ப்படகுப் போட்டி ஒன்றில், நத்தேனியல் ஹெரஷாஃப் என்ற இளம் வடிவமைப்பாளர் 'அமரில்லிஸ்' என்ற தம் இரட்டை உடல் படகைக் கொண்டுவந்து, மற்ற படகுகளை எளிதாகப் பின்தள்ளினார். தோற்றவர்கள் முறையிட்டனர், இது படகே அல்ல என்று கூறி, அவ்வகைப் படகுகள் விலக்கப்பட்டன. போட்டியில் வெல்ல முடியாதபோது விதியை மாற்றுவது தொழில்துறையிலும் நாம் அடிக்கடி காண்பதுதான். அதன் பிறகு நெடுங்காலம், பெரும் படகுக் கழகங்களின் பந்தயங்களில் பல உடல் படகுகளுக்கு இடம் கிடைக்கவில்லை.

நிலைமையை மாற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1978-இல், பிரான்சின் சான்மாலோ துறைமுகத்திலிருந்து கரீபியக் கடலின் குவாதலூப் தீவு வரை தனி ஆளாக ஓட்டிச் செல்லும் 'ரூட் து ரும்' பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. கனடாவைச் சேர்ந்த மைக் பர்ச், ஏறத்தாழ 12 மீட்டர் நீளமே உள்ள மூவுடல் படகில் வந்து, 21 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகை 98 விநாடிகள் வேறுபாட்டில் வென்றார். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த பின் ஒன்றரை நிமிட வேறுபாடு! சிறிய பல உடல் படகு பெரிய ஒற்றை உடல் படகை வெல்லும் என்பதைப் பிரான்சின் விளம்பர நிறுவனங்கள் அன்று கண்டுகொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் அப்படகுகளை நோக்கிப் பணம் பாய்ந்தது.

இக்கட்டுரை பேசும் படகு அந்தப் பணத்தின் குழந்தை. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் நைஜல் ஐரன்ஸ் வரைந்த அதனை, கனடாவின் விமான உற்பத்தி நிறுவனமான கனடேர், மைக் பர்ச்சுக்காகக் கட்டித்தந்தது. 1983-இல் நீரில் இறங்கியபோது அதன் நீளம் 80 அடி. கெவ்லர், கார்பன் இழைகளால் ஆன கலப்புப் பொருளை விமானத் தொழில்நுட்பத்தின் துணையுடன் படகு கட்டப் பயன்படுத்தியது அக்காலத்தில் துணிச்சலான முயற்சி. அதற்கு இடப்பட்ட முதல் பெயர் 'ஃபார்முல் டாக்'. பெயரில் இருந்தது புரவலர் நிறுவனம்.

1984-இல் இப்படகு 24 மணி நேரத்தில் 512 கடல் மைல்களைக் கடந்தது. ஒரு பாய்ப்படகு ஒரே நாளில் 500 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. சராசரியாக மணிக்கு 21 கடல் மைலுக்கு மேல். அன்றைய சரக்குக் கப்பல்கள் பலவும் காற்றை நம்பாமல், எண்ணெயை எரித்தும் அந்த வேகத்தை எட்டியதில்லை.

இந்த வேகத்தின் சூட்சுமத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் உடைமையாளர்களின் முடிவுகள் பலவும் அதைப் பொறுத்தவை. ஒற்றை உடல் படகு கவிழாமல் இருப்பதற்கு அதன் அடியில் கனமான ஈயம் தொங்குகிறது. அந்தக் கனத்தையும் சுமந்துகொண்டுதான் அது ஓட வேண்டும். இரட்டை உடல் படகுக்கு ஈயம் தேவையில்லை. அதன் அகலமே அதற்கு நிலைத்தன்மை தருகிறது. எடை குறைவு, உடல் ஒடுக்கம், ஆகவே வேகம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒற்றை உடல் படகு சாய்ந்தால் ஈயம் அதை மீண்டும் நிமிர்த்தும். இரட்டை உடல் படகு கவிழ்ந்தால் கவிழ்ந்தபடியே கிடக்கும். குறிப்பாக, பேரலையின் சரிவில் பாய்ந்திறங்கும்போது முன்மூக்குகள் நீரில் புதைந்தால், படகு தலைகுப்புறப் புரண்டுவிடும். இந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று உடல்களை நீட்டுவது. இப்படகின் நீளம் 80 அடியிலிருந்து 85, பிறகு 92, கடைசியில் 102 அடி என்று வளர்ந்ததற்குப் பின்னால் இருந்தது அழகுணர்ச்சி அன்று. தென் பெருங்கடலின் அலைகள் குறித்த அச்சம்.

1990-களின் தொடக்கத்தில் 'ஜூல்ஸ் வெர்ன் கோப்பை' என்ற போட்டி பிறந்தது. ஜூல்ஸ் வெர்னின் நாவலில் பிலியஸ் ஃபாக் ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி 80 நாட்களில் உலகைச் சுற்றினார். பாய்களை மட்டும் நம்பி, எங்கும் கரை தொடாமல், அதே 80 நாட்களுக்குள் சுற்ற முடியுமா என்பதே கேள்வி. பிரான்சின் உஷான் தீவுக்கும் இங்கிலாந்தின் லிசார்ட் முனைக்கும் இடைப்பட்ட கற்பனைக் கோடுதான் தொடக்கமும் முடிவும். நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லீவின் முனை, ஹார்ன் முனை மூன்றையும் இடப்புறம் விட்டுச் சுற்ற வேண்டும். படகின் அளவுக்கு வரம்பில்லை.

இப்போட்டிக்காக, பத்து வயதை நெருங்கிய இந்தப் படகைத் தேர்ந்தெடுத்தவர்கள் நியூசிலாந்தின் பீட்டர் பிளேக்கும், இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும். பிளேக், 1989-90 உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஆறு கட்டங்களிலும் வென்றவர். நாக்ஸ்-ஜான்ஸ்டனோ, 1969-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். அவருக்கு அப்போது 312 நாட்கள் பிடித்தன. அவர் ஓட்டிய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது என்பதை இந்திய வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

அவர்களுக்குக் கிடைத்த புரவலர் விந்தையானவர்: நியூசிலாந்தின் ஆப்பிள், பேரிக்காய் விற்பனை வாரியம். 1948-இல் அமைக்கப்பட்ட இந்த வாரியம்தான் அந்நாட்டின் ஆப்பிள் ஏற்றுமதியில் ஏகபோக உரிமை பெற்றிருந்தது. தோட்டக்காரர் எவரும் தம் பழத்தைத் தாமாக வெளிநாட்டுக்கு விற்க முடியாது. வாரியத்திடமே கொடுக்க வேண்டும். அந்த வாரியத்தின் வணிகப் பெயர்தான் 'என்ஸா'. படகின் பெயர் 'என்ஸா நியூசிலாந்து' ஆயிற்று.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். ஆப்பிள் வாரியம் ஏன் படகுக்குப் பணம் தர வேண்டும்? தென்கோளத்தில் ஆப்பிள் அறுவடை பிப்ரவரி முதல் மே வரை. ஐரோப்பியத் தோட்டங்கள் வெறுமையாக இருக்கும் வசந்த காலத்தில்தான் நியூசிலாந்துப் பழம் அங்கு விலைபோகும். உலகைச் சுற்றுவதற்கு ஏற்ற பருவமும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அப்போதுதான் தென் பெருங்கடலில் கோடை. ஆக, படகு செய்தித்தாள்களில் இடம்பிடிக்கும் வாரங்களும் பழம் கடைக்கு வரும் வாரங்களும் ஒன்றாகவே அமைந்தன. விளம்பரத்தில் இத்தகைய பொருத்தம் அரிது. மறுபுறம், வாரியம் செலவிட்ட பணம் தோட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய வருவாயிலிருந்து எடுக்கப்பட்டது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லி வேறு ஏற்றுமதியாளரிடம் போகும் வழி அவர்களுக்கு இல்லை. தனியார் நிறுவனம் இப்படிச் செலவிட்டால் பங்குதாரர் பங்கை விற்றுவிட்டு விலகலாம். ஏகபோக வாரியத்தின் உறுப்பினர் விலக முடியாது. செலவு பயன் தந்ததா என்பதைவிட, செலவிட ஒப்புதல் தந்தது யார் என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அந்த ஏகபோகம் 2001-இல் முடிவுக்கு வந்தது.

1993-இல் முதல் முயற்சி. என்ஸாவுடன் இரண்டு பிரெஞ்சுப் படகுகளும் களத்தில் இருந்தன: புரூனோ பெய்ரோனின் 'கமடோர் எக்ஸ்புளோரர்', ஒலிவியே டி கெர்சோசோனின் 'ஷரால்'. தெற்கு இந்தியப் பெருங்கடலில் 26-ஆம் நாள், மிதந்துவந்த ஏதோ ஒரு பொருள் என்ஸாவின் ஓர் உடலைக் கிழித்தது. படகு கேப்டவுனுக்குத் திரும்பியது. பெய்ரோன் 79 நாட்கள் 6 மணி நேரத்தில் சுற்றி முடித்து, கோப்பையை முதலில் வென்றார்.

அடுத்த ஆண்டுக்குள் படகு 92 அடியாக நீட்டப்பட்டது. 1994 ஜனவரி 16-ஆம் நாள் எட்டுப் பேருடன் புறப்பட்டது. கெர்சோசோனும் அதே நாள் புறப்பட்டார். உலகின் மறுபக்கம் வரை இரு படகுகளும் ஒன்றையொன்று கண்ணால் காணாமலே துரத்தின. இறுதி நாட்களில் பிஸ்கே விரிகுடாவை அடுத்த கடலில் பெரும் புயல். வேகத்துக்காகவே கட்டப்பட்ட அப்படகு, தலைகுப்புறக் கவிழாமல் இருப்பதற்காகத் தடித்த கயிறுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு தன் வேகத்தைத் தானே குறைத்தபடி முடிவுக் கோட்டைக் கடந்தது. நாள் ஏப்ரல் 1. எடுத்துக்கொண்ட காலம் 74 நாட்கள் 22 மணி 17 நிமிடம் 22 விநாடி. கெர்சோசோன் 77 நாட்களில் வந்து சேர்ந்தார். 25 ஆண்டுகளுக்கு முன் 312 நாட்களில் சுற்றிய அதே நாக்ஸ்-ஜான்ஸ்டன், அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் மீண்டும் சுற்றியிருந்தார்.

ஒரு பந்தயப் படகின் சந்தை மதிப்பு அதன் சாதனை நாளன்று உச்சத்தில் இருக்கும் என்று நாம் நினைக்கலாம். உண்மை வேறு. சாதனை முடிந்ததும் புரவலரின் ஒப்பந்தமும் முடிகிறது; பாய்களில் எழுதிய பெயருக்கு இனிப் பயனில்லை. மீன்பிடிக்கவோ, சரக்கேற்றவோ, குடும்பத்துடன் உலாப் போகவோ அப்படகு உதவாது. ஆனால் அதைக் கட்டிக் காக்கும் செலவு மட்டும் நிற்பதில்லை. ஒரே பயனுக்கு என்று உருவாக்கப்பட்ட சொத்தின் நிலை இதுதான்: முதல் உடைமையாளர் விலை முழுவதையும் கொடுக்கிறார், இரண்டாமவர் மிகக் குறைந்த விலையில் வாங்குகிறார். இந்த விலைச் சரிவுதான் பெரும் பணமில்லாதவர்களுக்கும் இவ்விளையாட்டின் வாசலைத் திறந்தது.

என்ஸாவின் போட்டியாளர்களும் இதற்கு விலக்கல்ல. 1993-இல் இறைச்சி நிறுவனத்தின் பெயரில் 'ஷரால்' என்று ஓடிய கெர்சோசோனின் படகு, 1994-இல் தண்ணீர் வழங்கும் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. 1997-இல் 'ஸ்போர்ட்-எலெக்' என்ற பெயரில் 71 நாட்களில் சுற்றி, என்ஸாவின் சாதனையை முறியடித்தது. பெய்ரோனின் கமடோர் எக்ஸ்புளோரரும் புதிய படகன்று; அதற்கு முன் அது 'ஜெட் சர்வீசஸ்'.

சாதனை பறிபோன பின், படகு டிரேசி எட்வர்ட்ஸின் கைக்கு வந்தது. 1989-90 பந்தயத்தில், பெண்கள் மட்டுமே கொண்ட குழுவுடன் 'மெய்டன்' படகை உலகைச் சுற்றி ஓட்டி, 'பெண்களால் முடியாது' என்று எழுதியவர்களின் வாயை அடைத்தவர் அவர். அவருடைய புரவலர் ஒரு காப்பீட்டு நிறுவனம். படகின் பெயர் 'ராயல் அண்ட் சன்அலையன்ஸ்'. அபாயத்தை அளந்து விற்பதே தொழிலாகக் கொண்ட நிறுவனம், அபாயத்தின் உருவமாகிய படகுக்குத் தன் பெயரைக் கொடுத்தது வியப்புதான்.

1998 பிப்ரவரியில் பெண்கள் குழு புறப்பட்டது. 43-ஆம் நாள், தென் பெருங்கடலில், சிலியின் கரையிலிருந்து ஏறத்தாழ 2,000 மைல் தொலைவில், பேரலைகளின் தாக்குதலில் பாய்மரம் முறிந்து விழுந்தது. அருகில் கப்பல் இல்லை. கையில் இருந்தவற்றைக் கொண்டு தற்காலிகப் பாய்மரம் அமைத்துத் தம் திறமையாலேயே சிலியின் கரையைச் சேர்ந்தனர். கோப்பைக் கணக்கில் இது தோல்வி. எனினும், உடைந்த படகைக் கடலின் மிகக் கொடிய பகுதியிலிருந்து கரைசேர்த்த மாலுமித் திறன், நல்ல காற்றில் வேகமாக ஓடுவதைவிடக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

அடுத்த உடைமையாளர் டோனி புல்லிமோர். பிரிஸ்டல் நகரில் 1966-இல் கரீபியக் குடியேறிகளுக்காக 'பேம்பூ கிளப்' என்ற இசை மன்றத்தைத் தொடங்கி நடத்தியவர். பாப் மார்லி அங்குப் பாடியிருக்கிறார். 1997 ஜனவரியில் தனியாள் உலகப் பந்தயத்தில் அவருடைய படகு தென் பெருங்கடலில் கவிழ்ந்தது. தலைகீழாக மிதந்த படகின் உள்ளே, இருளில், பனிநீரில் நான்கு நாட்களுக்கும் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இறந்திருப்பார் என்றே பலரும் முடிவு செய்திருந்த நிலையில், ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் 'அடிலெய்ட்' அவரை மீட்டது. அப்படிப்பட்டவர் சில ஆண்டுகளில் மீண்டும் ஒரு பந்தயப் படகை வாங்கினார் என்பதைப் பொருளாதாரத்தின் 'அறிவார்ந்த மனிதர்' கோட்பாட்டால் விளக்க முடியாது.

புல்லிமோர் படகை 102 அடியாக நீட்டி, 'டீம் லெகாட்டோ' என்று பெயரிட்டு, 'தி ரேஸ்' என்ற போட்டியில் இறங்கினார். புத்தாயிரத்தை வரவேற்க, 2000 டிசம்பர் 31 அன்று பார்சிலோனாவிலிருந்து தொடங்கிய இந்த உலகச் சுற்றுப் பந்தயத்தை அமைத்தவர் புரூனோ பெய்ரோன். 110 அடி நீளமுள்ள புத்தம்புதிய படகுகள் மூன்று அதில் கலந்துகொண்டன. அவற்றுள் ஒன்றான 'கிளப் மெட்' கிராண்ட் டால்டன் தலைமையில் 62 நாட்களில் வென்றது. மற்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தன. 99 நாட்களில் நான்காவதாக வந்தது போலந்துக் குழுவின் 'வார்டா-போல்ஃபார்மா'. அது வேறெதுவும் அன்று. பெய்ரோனின் பழைய கமடோர் எக்ஸ்புளோரர்தான். ஐந்தாவதாக, கடைசியாக, 104 நாட்களில் வந்தது டீம் லெகாட்டோ. ஜூல்ஸ் வெர்ன் கோப்பையை முதலில் வென்ற படகும் இரண்டாவதாக வென்ற படகும், ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின், பட்டியலின் அடியில் மீண்டும் அடுத்தடுத்து நின்றன. என்ஸா 74 நாட்களில் சுற்றிய அதே படகுக்கு, 10 அடி கூடுதல் நீளத்துடன் 30 நாட்கள் அதிகம் தேவைப்பட்டன. பழைய பாய்கள், சிறிய நிதி, தயாரிப்புக்குப் போதாத காலம் எல்லாம் சேர்ந்தால் படகு நீளம் மட்டும் உதவாது. ஆனாலும் அது சுற்றி முடித்தது. பெரும் பொருட்செலவில் ஸ்டீவ் ஃபாசெட் கட்டிய 'பிளேஸ்டேஷன்' பாதியிலேயே விலகிவிட்டது.

2005-இல் டிரேசி எட்வர்ட்ஸ் ஒரு பந்தயம் நடத்தினார்: கத்தாரின் தோகாவில் தொடங்கித் தோகாவிலேயே முடியும் 'ஓரிக்ஸ் குவெஸ்ட்'. நான்கு படகுகள் புறப்பட்டன. இரண்டே இரண்டுதான் முழுச் சுற்றையும் முடித்தன. பிரையன் தாம்ப்சன் தலைமையில் வென்ற 'தோகா 2006', முன்னாள் கிளப் மெட். இரண்டாவது வந்தது புல்லிமோரின் 'டேடலஸ்'. ஆம், எட்வர்ட்ஸுக்குப் பாய்மரத்தை முறித்துக் காட்டிய அதே பழைய படகு, அவரே நடத்திய பந்தயத்தில் வேறொருவர் கையில் இரண்டாமிடம் பெற்றது. ஆனால், அந்தப் பந்தயத்துக்கு வாக்களிக்கப்பட்ட பணம் தமக்கு வந்துசேரவில்லை என்று எட்வர்ட்ஸ் கூறினார். கடன்சுமையால் அதே ஆண்டு அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டார்.

புரவலர் முறையின் உண்மையான இயல்பு இங்கேதான் வெளிப்படுகிறது. புரவலரின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. பெயரை அழித்துவிட்டு அவர் வெளியேறலாம். உடைமையாளர் அல்லது அமைப்பாளரின் பொறுப்புக்கு வரம்பில்லை. மாலுமிகளின் கூலி, துறைமுகக் கட்டணம், கடனின் வட்டி எல்லாம் அவர் தலையில்தான் விழும். படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் தெரியும் பெயர், இழப்பைத் தாங்குபவரின் பெயராக இருப்பது அரிது.

அதன் பிறகு 'தோகா' என்ற பெயருடன் அப்படகு டாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்தில் நின்றது. தனியாளாக உலகைச் சுற்றி எல்லன் மெக்கார்தர் 2005-இல் படைத்த 71 நாள் சாதனையை முறியடிப்பது, எழுபது வயதை நெருங்கிய புல்லிமோரின் நோக்கம். எட்டுப் பேர் ஓட்டிய படகைத் தனியாக ஓட்டும் முயற்சி, அது கைகூடவில்லை. பின்னர் கரீபியக் கடலில் 'ஸ்பிரிட் ஆஃப் ஆன்டிகுவா' என்ற பெயரையும் அப்படகு தாங்கியது.

கைமாறும் படகு தாழ்ந்துகொண்டேதான் போகும் என்பதில்லை. 2010-இல் 'குரூப்பாமா 3' என்ற பெயரில் 48 நாட்களில் கோப்பையை வென்ற மூவுடல் படகு, வங்கி ஒன்றின் பெயரில் ரூட் து ரும் பந்தயத்தை வென்று, பிறகு 'ஐடெக் ஸ்போர்ட்' ஆகி, 2017-இல் பிரான்சிஸ் ஜுவாயோனின் கையில் 40 நாட்கள் 23 மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. இரண்டாம் கையாக வாங்கிய படகு, முதல் உடைமையாளரின் சாதனையைவிட ஒரு வாரம் விரைந்தது. ஜுவாயோனுக்குக் கிடைத்த அளவு நிதியும் நேரமும் புல்லிமோருக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்படகை ஓட்டியவர்களில் பீட்டர் பிளேக், 2001 டிசம்பரில் அமேசான் ஆற்று முகத்தில் கொள்ளையரால் சுட்டுக்கொல்லப்பட்டார். டோனி புல்லிமோர் 2018-இல் தம் 79-ஆம் வயதில் காலமானார். அதை முதலில் கடலுக்குக் கொண்டுசென்ற மைக் பர்ச் 2022-இல் மறைந்தார். டிரேசி எட்வர்ட்ஸ், தம் பழைய ஒற்றை உடல் படகான 'மெய்டன்' கைவிடப்பட்டுக் கிடந்ததை அறிந்து, அதை மீட்டுப் புதுப்பித்து, பெண் கல்விக்கு நிதி திரட்டும் பயணங்களில் ஈடுபடுத்தினார்.